நான்காம் ஊசி

இன்று பிற்பகல் இரண்டே காலுக்கு உப்பாற்றுமுனை சுகாதார நிலையத்தில் கரண்ட் போனது. புரட்சி வந்து ஆறு வருஷமாகிறது. எங்கள் ஊர்க் கரண்ட் மட்டும் இன்னும் பழைய ஆட்சியிலேயே இருக்கிறது. போனால் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. கரண்ட் இல்லாவிட்டால் ஊசி நாற்காலி ஓடாது. நாற்காலி ஓடாவிட்டால் ஊசி கிடையாது. இதை எழுத எனக்கு நேரம் கிடைத்தது அப்படித்தான்.

என் பெயர் கனகவல்லி. வயது முப்பத்தொன்று. ஊசி நர்ஸ். அரசாங்கத் தாளில் 'சமன் செவிலியர்' என்று இருக்கும்; ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாதியையும் அதோடு ஒட்டின நினைவுகளையும் மறக்கடிக்கிற ஊசியை நான்கு வருஷமாகப் போட்டு வருகிறேன். என் கையால் மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல் மறந்திருக்கிறார்கள். எனக்கும் போட்டாயிற்று. நான் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று ஒருநாளும் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

ஊசி கெட்டது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தேர் இப்போது எல்லாத் தெருவிலும் ஓடுகிறது. டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ். பெண் பார்க்கப் போகிறவர்கள் பையனுக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்து வருகிறார்கள். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் இந்த அரசாங்கத்தை நம்பினவள். இன்னும் நம்புகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

கரண்ட் போனபோது நாற்காலியில் இருந்தவர் பக்கிரிசாமி. ஐம்பத்தொரு வயது. உப்பள வேலை செய்து கறுத்து ஒடுங்கின ஆள். அவருடைய அட்டையில் 'நான்காம் தடவை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மூன்று தடவை போட்டும் மறக்காதவர்களுக்கு நான்காம் தடவை முழு ஊசி. அது சாதியை மட்டும் தேடி எடுக்காது. இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை என்று நாற்காலியில் குறிவைத்தால், நடுவில் இருக்கிற அத்தனையும் போய்விடும். பக்கிரிசாமிக்கு இருபது வருஷம் குறித்திருந்தது. முழு ஊசி போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளை சோறு ஊட்டினால், "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

அவர் தலையில் நாற்காலியின் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே விசிறி நின்றது.

"போச்சா?" என்றார்.

"போச்சுண்ணே. உக்காந்திருங்க, வந்துரும்."

"மெதுவா வரட்டும் நர்ஸம்மா. மூணு தடவையும் கரண்ட் இருந்துச்சு. இன்னிக்குத்தான் நமக்குக் கொஞ்சம் நேரம் கெடச்சிருக்கு."

அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. துரைமாணிக்கம் பெரியப்பா.

பெரியப்பாதான் எங்கள் ஊர் ஊசிக் குழுவுக்குத் தலைவர். ஊசி வந்த புதிதில் மரபுக் காவல் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, ஆயிரம் பேரை வேல்கம்போடு ரோட்டில் உட்கார வைத்தவரும் அவரேதான். முன்னோர் வைத்த வழியை ஊசி போட்டு அழிக்கிறார்களே என்று ஒலிபெருக்கியில் அழுதார். ஒரே மாதத்தில் மனம் மாறி, மாவட்டத்திலேயே முதல் ஆளாக வந்து கையை நீட்டினார். அந்தப் படம் எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறது. அவர் திருந்தின கதையைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

"என்ன பாப்பா, முடிஞ்சுதா?"

"கரண்ட் இல்ல பெரியப்பா."

அவர் பக்கிரிசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டை கட்டின தலையை மட்டும் பார்த்தார். "மேலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஜில்லாவுலயே நம்ம ஊருலதான் ஒரு ஆளு பாக்கி. இன்னியோட நூத்துக்கு நூறுன்னு எழுதி அனுப்பிடணும். நம்ம ரைஸ்மில்லு ஜெனரேட்டர வண்டியில ஏத்தி அனுப்புறேன், அஞ்சரைக்கு வந்துரும். நானும் வந்து பக்கத்துலயே நிக்கிறேன்."

"சரி பெரியப்பா."

"அன்னிக்கு நாங்க இத எதிர்த்தோமே, என்ன முட்டாத்தனம்! இவ்வளவு நல்ல மருந்துன்னு அப்பவே ஒருத்தன் எடுத்துச் சொல்லியிருந்தா, நானே காசு போட்டு வாங்கியாந்திருப்பேன்." சிரித்துக்கொண்டே என் தலையைத் தட்டினார். "உங்கப்பன் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பான்."

மோட்டார் சைக்கிள் சத்தம் பாலம் தாண்டிப் போனதும் பக்கிரிசாமி கேட்டார்:

"அவரு உங்களுக்குச் சொந்தப் பெரியப்பாவா?"

"இல்லண்ணே. சும்மா ஊருல கூப்புடுறதுதான்."

"யாரு யாரு அப்படிக் கூப்புடுறாங்க?"

யோசித்தேன். நான் கூப்பிடுகிறேன். எதிர்வீட்டு மரகதம் அக்கா கூப்பிடுகிறாள். போஸ்ட்மேன் வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

"நான் கூப்புடலாமா?" என்றார். "அவரவிட எனக்கு இருபது வயசு கம்மி. பெரியப்பான்னு கூப்புட்டா என்ன?"

கூப்பிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் முதலில் பயம் வந்தது.

"ஊருல யாரு யாரப் பெரியப்பாங்குறாங்க, யாரு யார மாமாங்குறாங்கன்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க நர்ஸம்மா. யாரு எந்தச் சாதிக்கட்டுன்னு ஒரு மணி நேரத்துல வெளங்கிப்போவும். ஊசி பேரத்தான் எடுத்துச்சு. மொறைய எடுக்கல. நெலப்பத்திரத்துக்கும் ஊசி கெடையாது பாருங்க. அவரு நெலம் அவருகிட்டயேதான் இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு கேக்கத்தான் ஆளு இல்ல. அதான் நல்ல மருந்துங்குறாரு."

இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் உடனே மணி அடிக்க வேண்டும் என்பது விதி. மணிக்கும் கரண்ட் வேண்டும்.

"அண்ணே, இதெல்லாம் பேசாதீங்க. நான் கேக்கக்கூடாது."

"கேட்டா என்ன? ஆறு மணிக்கு உங்களக் கழுவிடுவாங்கள்ல?"

உண்மைதான். நாள் முழுக்க ஊரார் சாதியைக் காதால் கேட்கிற வேலை எங்களுடையது. அதனால் தினமும் ஆறு மணிக்கு, சாயந்தர வேலைக்கு வருகிற ரோஸ்லின் சிஸ்டர் என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்து, இன்று என்னென்ன கேட்டாய் என்று கேட்பாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். நாற்காலி விளக்கு மஞ்சளாகும், ஊசி ஏறும், சொன்னதெல்லாம் போய்விடும். பிறகு நான் அவளுக்குப் போடுவேன். மருந்தின் வேலையே அவ்வளவுதான். மனசுக்குள் எது மேலே வந்திருக்கிறதோ அதைத்தான் அது கரைக்கும். அதனால்தான் முதலில் கேள்வி கேட்கிறோம்.

"இதே நாற்காலியில உக்காந்து, இதே உங்ககிட்ட, மூணு தடவ எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்," என்றார் பக்கிரிசாமி. "மூணு தடவையும் கேட்டீங்க."

"நீங்க சொல்றத நான் எப்படிண்ணே நம்புறது?"

"நம்ப வேணாம். கேளுங்க."

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "மூணு தடவ போட்டும் உங்களுக்கு ஏன் ஏறல?"

"ஏறாம என்ன? நல்லாவே ஏறுச்சு. 'ஒங்க தெருவுக்கு என்ன பேரு'ன்னு நீங்க கேப்பீங்க. நான் அத நெனைக்க மாட்டேன். அதே அளவுக்கு நெஞ்ச அடைக்கிற வேற ஒண்ணப் புடிச்சு நெனச்சுக்குவேன். வெளக்கு மஞ்சளாவும். எது மேல வந்துருக்குன்னு வெளக்குக்குத் தெரியுமா? நீங்க குத்துவீங்க. அந்த வேற ஒண்ணு போயிரும்."

"எது எது போச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். மொதத் தடவ எங்க அம்மா செத்தது. ரெண்டாவது தடவ, புரட்சிக்கு முன்னால மூணு வருஷம் நான் ஜெயில்ல இருந்தது. சாதி ஒழியணும்னு போனேனாம், கொடி புடிச்ச போட்டோகூட இருக்கு. மூணாவது என் கல்யாணம். பொண்டாட்டி மொகம் தெரியுது. தாலி கட்டுனது தெரியல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாதி போவட்டும் நர்ஸம்மா. அது போறதுக்குத்தான் ஜெயிலுக்கே போயிருக்கேன். செத்தவங்க ஏன் போவணும்?"

"யாரு செத்தாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"புயல் ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. பதினேழு வருஷம் ஆகிறது, எனக்குப் பதினாலு வயது. காலை பதினொரு மணிக்கே வானம் இருட்டி, கடல் உப்பளத்துக்குள் ஏறி வந்தது. புதிதாகக் கட்டின புயல் கூடத்துக்கு எல்லோரும் ஓடினோம். அம்மா ஒரு தூக்கில் புளிசாதம் கொண்டுவந்தது முதற்கொண்டு நினைவிருக்கிறது. இருபத்துமூன்று பேர் கூடத்துக்கு வந்து சேர முடியாமல் செத்துப்போனார்கள். அப்படித்தான் படித்திருக்கிறேன்.

அதைச் சொன்னேன். பக்கிரிசாமி நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வந்து சேர முடியாமயா? மொதல்ல வந்ததே நாங்கதான். எங்க தெருதான பள்ளம். கதவு பூட்டியிருந்துச்சு. சாவி துரைமாணிக்கத்துக்கிட்ட. வராந்தாவுல நின்னோம். அப்புறம் நீங்கள்லாம் வந்தீங்க, அவரு தொறந்தாரு. ஒங்க ஆளுங்க உள்ள போனாங்க. எங்க போனாலும் நாங்க கடைசியாப் போறதுதான் வழக்கம், அதனால ஒதுங்கி நின்னோம்." திரும்பவும் சொன்னார்: "ஒதுங்கி நின்னோம் நர்ஸம்மா. தண்ணி முட்டிக்கு வந்துருச்சு, அப்பவும் வழி விட்டு ஒதுங்கி நின்னோம். முட்டாப் பசங்க. முண்டிக்கிட்டு உள்ள போயிருந்தா எவனால தடுத்திருக்க முடியும்? அதத்தான் என்னால இன்னிக்கும் பொறுக்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் கதவ சாத்துனாங்க. ரெண்டு தெருவும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்தா நாளைக்கு எப்படித் தலை நிமிந்து நடக்குறதுன்னு துரைமாணிக்கம் கேட்டாரு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் ஜன்னல் கம்பியப் புடிச்சிருந்தேன். இடுப்புல எம்பொண்ணு இலக்கியா, ஆறு வயசு. எம்பொண்டாட்டி என் சட்டையப் புடிச்சிருந்தா."

"தாழ்ப்பாள யாரு போட்டா?"

"ஒரு பொம்பளப்புள்ள. பதினாலு, பதினஞ்சு வயசு இருக்கும். கதவுகிட்ட அவதான் நின்னா. அவ அப்பன் போடுன்னான், போட்டா. அதுக்கு அவமேல எனக்குக் கோவம் இல்ல. அப்பன் சொன்னாப் புள்ள செய்யத்தான் செய்யும். நாங்க தட்டுனோம். இருபத்தெட்டுப் பேரு தட்டுனா எப்படிக் கேக்கும்! அந்தப் புள்ள காதப் பொத்திக்கிட்டா. அப்புறம் நேரா ஜன்னலுக்கு வந்தா. நான் இலக்கியாவத் தூக்கிக் காமிச்சேன். இதையாச்சும் உள்ள வாங்கும்மான்னேன். கம்பி வழியாப் புள்ள நொழையாது, போயிக் கதவத் தொறப்பான்னு நெனச்சேன். அவ என்னயப் பாத்தா. புள்ளயப் பாத்தா. ஜன்னக் கதவ இழுத்துச் சாத்திட்டா. அத அவள யாரும் செய்யச் சொல்லல."

நான் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மருந்து எல்லாவற்றையும் கரைத்தாலும் ஓரங்களை விட்டுவிடும். எங்கள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் அப்படி ஒரு ஓரம் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு பலகை, என் மூக்கு இடிக்கிற அளவு பக்கத்தில். புதுப் பெயிண்ட் வாசனை. அந்தப் பலகையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். அப்பாடா, சத்தம் குறைந்தது என்று இருக்கிறது. இத்தனை வருஷமாக அது எந்த இடம், என்ன சத்தம் என்று தெரியாமலே, அந்த நிம்மதி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. தூக்கம் வராதபோது அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

அந்தப் பெண் நான்தான்.

தண்ணீர் குடித்தேன். "இதுக்கு முன்னாடி சொன்னப்ப நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டேன்.

"மொதத் தடவ அழுதீங்க. துரைமாணிக்கத்து மேல கேஸு நிக்கணும்னா உள்ள இருந்த ஆளு ஒருத்தர் எழுதிக் குடுக்கணும்னு நான் சொன்னேன். வெளிய நின்ன அஞ்சு பேருதான் மிச்சம், அதுல நாலு பேருக்கு ஊசி ஏறிப்போச்சு. நீங்க எழுதுனீங்க. எழுதிப் படிச்சுப் பாத்தீங்க. கிழிச்சுட்டீங்க."

"ரெண்டாவது?"

"எழுதி, நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்னு இடுப்புல சொருவிக்கிட்டீங்க. ஆறு மணிக்கு மேல அது என்னாச்சோ."

"மூணாவது தடவ?"

அவர் தன் அட்டையை எடுத்துத் திருப்பி என் முன்னால் வைத்தார். முழு ஊசிக்கான பரிந்துரை. 'மருந்தை ஏற்காத மனம். இருபது ஆண்டுகள் நீக்கலாம்.' கீழே கையெழுத்து: சி. கனகவல்லி. காலையில்கூட அதைப் பார்த்தேன். நூறு அட்டையில் கையெழுத்துப் போடுகிறவள், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

"மூணாவது தடவ நீங்க அழல," என்றார். "எழுதிக் குடுக்கவும் இல்ல. முழுசாக் கேட்டீங்க. கேட்டுட்டு இத எழுதுனீங்க."

ஊசிமேல் பழி போட எனக்கு வழியே இல்லை. கிழித்ததும், மறந்துவிடுவேன் என்று தெரிந்தே தாளை நானே வைத்துக்கொண்டதும், இருபது வருஷத்தை நீக்கச் சொன்னதும் மறந்துபோய்ச் செய்தவை அல்ல. எல்லாம் தெரிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் செய்திருக்கிறேன். மறதி வந்து என்னை நல்லவளாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. துரைமாணிக்கம் பெரியப்பாவைச் சொல்கிறேனே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததில் நான் அவருக்குக் கொஞ்சமும் இளைத்தவள் இல்லை.

"இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் திரும்ப என்கிட்டயே சொல்றீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள இருந்த நூத்தம்பது பேருல எனக்கு எதிர உக்காந்து பேசுற ஆளு நீ ஒருத்திதான். அதுவும் இது உன் வேலைங்குறதால. வேற வழி இருந்தா உன் மூஞ்சியில முழிப்பேனா நான்?"

மூன்றே முக்காலுக்கு எழுத ஆரம்பித்தேன். பரிந்துரைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஒவ்வொரு தாளும் முடிந்தவுடன் அவர் இழுத்து மடித்து வைத்துக்கொள்கிறார். திரும்பப் படிக்க விடுவதில்லை. அதுவும் சரிதான். பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கை எழுதுவதை விட்டுவிட்டுத் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு தடவை அவர் என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார்.

கேஸுக்கு வேண்டியதைச் சட்டப்படி சொல்கிறேன். கூடத்தின் சாவி துரைமாணிக்கத்திடம் இருந்தது. கதவைச் சாத்தலாம் என்றவர் அவர். தாழ்ப்பாளைப் போடு என்றவர் என் அப்பா சிவசிதம்பரம். போட்டவள் நான். ஜன்னலை நானாகச் சாத்தினேன். எனக்கு முழுதாக நினைவில்லை. பச்சைப் பலகையும் சத்தம் குறைந்த நிம்மதியும் மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஜன்னல் பச்சையா என்று நான் அவரைக் கேட்கவில்லை. நான் நிறத்தைச் சொன்னதும் அவர் எழுந்து வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். செத்துப்போன இருபத்துமூன்று பேரின் பெயரையும், இலக்கியாவின் பெயர் உட்பட, அவர் சொல்லச் சொல்லத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், பழைய தெருப் பெயரோடு. தெருப் பெயரை எழுதினதற்கு மட்டுமே ஏழு வருஷம் ஜெயில்.

மணி ஐந்து. எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெயிலை நினைத்து இல்லை.

பக்கிரிசாமி செய்கிற தந்திரத்தை நானும் செய்யலாம். ஆறு மணிக்கு ரோஸ்லின் கேட்கும்போது வேறு எதையாவது மேலே கொண்டுவந்தால் இது என்னிடம் தங்கிவிடும். அப்பாவைக் கொடுக்கலாம். அம்மா கொண்டுவந்த புளிசாதத்தைக் கொடுக்கலாம். அவர் கல்யாணத்தையே கொடுத்திருக்கிறார். நான் கொடுக்க மாட்டேன். எனக்கு மறக்கத்தான் ஆசை. எப்போது ஆறு அடிக்கும் என்றுதான் இருக்கிறது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் எனக்குச் சொன்னார். அதோடு ஒரு ராத்திரி படுக்க என்னால் முடியாது.

அவரைப் போகச் சொல்லிவிட்டேன். அட்டையில் 'முழு ஊசி போடப்பட்டது, கைப்பதிவு' என்று எழுதி முத்திரை குத்தியாயிற்று. நடுவில் பத்து நிமிஷம் கரண்ட் வந்தது என்று பெரியப்பாவிடம் சொல்வேன்.

"எங்கயாவது நம்ம ஊர் ஆளு எதிர்ப்பட்டா, யாரையும் தெரியாத மாதிரி இருங்கண்ணே."

"ஊரே அப்படித்தான் இருக்கு. எனக்கு என்ன கஷ்டம்?" பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த மாதிரித் தாள வாங்கிச் சேக்குற ஆளுங்க இருக்காங்க. புரட்சியில நின்னவங்கதான், இப்ப அவங்களுக்கே பயம் வந்துருச்சு. நான் போறது..."

"சொல்லாதீங்க," என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, அவர் திடுக்கிட்டார். "எந்தப் பக்கம் போறீங்க, யாருகிட்ட குடுக்குறீங்க, எதையும் என்கிட்ட சொல்லாதீங்க. பெரியப்பா அஞ்சரைக்கு வந்துருவாரு. ஆறு மணிக்குத்தான் எனக்கு மறக்கும். நடுவுல அரை மணி நேரம் இருக்குண்ணே. அந்த அரை மணி நேரத்துல நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மன்னித்த பார்வை இல்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

ஜெனரேட்டர் வண்டி பாலத்தில் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் மோட்டார் சைக்கிள் வருகிறது. பின்பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். இந்தக் கடைசித் தாளுக்காக அவர் நின்றபடியே கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கிறவர் யாரோ, உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கோ அடுத்த வருஷமோ என்னைக் கூப்பிட்டு, இந்தத் தாள்களை என் முன்னால் வைத்து, இது உன் கையெழுத்தா என்று கேட்பீர்கள். இல்லை என்பேன். பயந்துகொண்டு சொல்ல மாட்டேன். எனக்கு உண்மையாகவே தெரியாது. யாரோ அநியாயமாக என்மேல் பழி போடுகிறார்கள் என்று அழுவேன். என் அப்பா தங்கமானவர் என்று சத்தியம் செய்வேன். பார்க்க மிகவும் பாவமாக இருக்கும். நம்பாதீர்கள்.